உறையாத தண்ணீர்: ஒரு கோழிக்கொட்டகை சொல்லும் வரலாறு



வரலாற்றுத் தேர்வில் நம் மாணவர்கள் அடிக்கடி எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: "இன்ன ஆண்டில் இன்னார் இதைக் கண்டுபிடித்தார். அதனால் மக்கள் பயனடைந்தனர்." ஆண்டு சரியாக இருக்கும். பெயரும் சரியாக இருக்கும். ஆனால் 'அதனால்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன? எந்த மக்கள் பயனடைந்தார்கள்? யாருக்கு அந்தப் பயன் போய்ச் சேரவில்லை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் மாணவருக்குத்தான் உயர்நிலைச் சிந்தனை வினாக்களில் முழுப் புள்ளி கிடைக்கும்.

இதை விளக்க ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் கோழிகளுக்கு வைக்கும் தண்ணீர்த் தொட்டி. இடம், அமெரிக்காவின் வடக்கு மாநிலங்கள். காலம், 1880-களிலிருந்து 1950-கள் வரை.

"கோழிக்குத் தண்ணி வைக்கிறதுல என்ன டீச்சர் வரலாறு இருக்கு?" என்று கேட்கிறீர்களா? இருக்குங்க. கொஞ்சம் பொறுமையாக வாங்க.

1. சிக்கல் என்ன?

நம் நாட்டில் வெளியே வைத்த தண்ணீர் ஒருநாளும் உறைந்து போகாது. அதனால் முதலில் அந்த இடத்தை மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். மின்னசோட்டா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ்வரை இறங்குவது புதிதல்ல. காலையில் ஊற்றிய தண்ணீர் சிறிது நேரத்திலேயே மேலே பனிக்கட்டியாகி மூடிக்கொள்ளும்.

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிலிட்டர் தண்ணீர் குடிக்கும். முட்டையின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான். ஆக, தண்ணீர் இல்லையென்றால் முட்டையும் இல்லை. தாகமாக இருக்கும் கோழி தீனியையும் குறைத்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கிடைக்காமல் போனால் முட்டையிடுவது சட்டென்று குறையும். பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம்.

இதில் பணக்கணக்கும் இருக்கிறது. குளிர்காலத்தில் பகல் பொழுது குறைவு. பகல் குறைந்தால் கோழி இயல்பாகவே முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும். சந்தைக்கு வரும் முட்டை குறைவதால் விலை ஏறும். அதாவது முட்டைக்கு நல்ல விலை கிடைக்கும் அதே மாதங்களில்தான் தண்ணீரும் உறைகிறது. தொட்டியில் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொண்ட குடும்பத்துக்கு அந்தக் குளிர்காலத்தில் கையில் காசு இருந்தது.

2. வாளியைச் சுமந்தது யார்?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான அமெரிக்கப் பண்ணைகளில் வயலும் மாடும் ஆண்களின் பொறுப்பு. கோழி, பெண்களின் பொறுப்பு. சில பத்துக் கோழிகள் முதல் சில நூறு கோழிகள்வரை வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கொட்டகையில் இருக்கும். முட்டையை ஊர்க்கடையில் கொடுத்துச் சீனி, காப்பி, துணி, பிள்ளைகளுக்குக் காலணி என்று மாற்றிக்கொள்வார்கள். இந்த வருமானத்துக்கு 'முட்டைக் காசு' என்றே பெயர். 1930-களின் பெருமந்தக் காலத்தில் தானிய விலை விழுந்தபோது பல குடும்பங்களின் மளிகைச் செலவைத் தாங்கியது இந்த முட்டைக் காசுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. நூறு கோழி என்றால் நாளொன்றுக்கு 20 முதல் 25 லிட்டர் தண்ணீர். எடை 20 முதல் 25 கிலோ. கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும், அடுப்பில் சுட வைக்க வேண்டும், பனியில் நடந்து கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே தடவையில் ஊற்றி வைத்தால் உறைந்துவிடும். ஆகவே காலை, மதியம், மாலை என்று மூன்று நடை. ஒவ்வொரு நடையிலும் பழைய பனிக்கட்டியைத் தட்டி உடைத்து வெளியே கொட்ட வேண்டும். இதைச் செய்தவர்கள் வீட்டுப் பெண்களும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும்.

வேறு வழிகளும் இருந்தன. இரட்டைச் சுவர் வைத்த தகரத் தொட்டி ஒன்று. தொட்டியைச் சுற்றி வைக்கோலையோ மரத்தூளையோ அடைத்த பெட்டி இன்னொன்று. தொட்டிக்கு அடியில் ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கை எரியவிடுவது மூன்றாவது. விளக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் தரையெல்லாம் வைக்கோல், சுவரெல்லாம் மரம், உள்ளே சிறகடிக்கும் கோழிகள். விளக்கு ஒருமுறை சாய்ந்தால் கொட்டகையே போய்விடும். தினமும் திரியைக் கத்தரித்து எண்ணெய் ஊற்றும் வேலை வேறு.

அமெரிக்க அரசின் வேளாண் கணக்கெடுப்பு, பண்ணையில் எத்தனை கோழி, எத்தனை டசன் முட்டை என்று கேட்டது. தண்ணீர் வாளியைச் சுமந்தது யார் என்று கேட்க அதில் ஒரு கட்டம் இல்லை. அந்த உழைப்பை அறிய வேண்டுமென்றால் நாட்குறிப்பு, கடைக் கணக்குப் புத்தகம், பழைய பொருட்பட்டியல், புகைப்படம் என்று வேறு சான்றுகளைத் தேட வேண்டும். மாணவர்களே, 'ஒரு மூலம் எதைச் சொல்கிறது' என்பதோடு 'எதைச் சொல்லாமல் விடுகிறது' என்பதையும் எழுதப் பழகுங்கள்.

3. அறிவு எப்போதோ வந்துவிட்டது

சரி, அந்தக் காலத்தில் இதற்குத் தேவையான அறிவியல் இல்லையா? இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர் தானாக வருவது: ஒரு புட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு தட்டில் கவிழ்த்து வையுங்கள். தட்டில் தண்ணீர் புட்டியின் வாயை மூடும்வரை வந்து நின்றுவிடும். கோழி குடிக்கக் குடிக்க அதே அளவு இறங்கும். தட்டின்மேல் அழுத்தும் காற்றுதான் புட்டித் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. காற்றுக்கு எடை உண்டு, அழுத்தம் உண்டு என்பதை இத்தாலியின் டோரிசெல்லி 1640-களிலேயே பாதரசக் குழாயை வைத்துக் காட்டிவிட்டார்.

உறைதல்: 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் உள்ளுறை வெப்பத்தை விளக்கினார். சுழியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீர் முழுவதும் பனிக்கட்டியாக 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதே ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்க 4.2 கிலோஜூல்தான். அதாவது, உறைவதற்கு இழக்க வேண்டிய வெப்பம் 80 டிகிரி குளிர்வதற்குச் சமம். அதனால்தான் நிறையத் தண்ணீர் உள்ள தொட்டி மெதுவாக உறைகிறது, மெல்லிய குழாயில் உள்ள கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் உறைகிறது. தொட்டியைச் சூடாக்கத் தேவையில்லை. அது வெளியே இழக்கும் வெப்பத்தை மட்டும் ஈடுகட்டினால் போதும்.

தானாகக் கட்டுப்படும் சூடு: இதுதான் சுவையான பகுதி. நெதர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கார்னேலிஸ் திரெபெல் என்பவர் 1633-இல் மறைந்தார். கோழி முட்டைகளைப் பொரிக்க வைக்க அவர் ஓர் அடுப்பு செய்தார். உள்ளே சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு தண்டை நகர்த்தி அடுப்பின் காற்று வழியை மூடும். சூடு இறங்கினால் வழி திரும்பத் திறக்கும். உலகின் முதல் தெர்மோஸ்டாட்டுகளில் ஒன்று கோழிக்காகவே பிறந்தது!

பிறகு 1883. விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே கற்பித்த வாரன் ஜான்சன் என்பவர் மின்சாரத் தெர்மோஸ்டாட் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பறையின் சூட்டையும் பார்ப்பதற்குப் பணியாளர் அறை அறையாக வர வேண்டியிருந்தது. வகுப்பு நடக்கும்போது கதவு திறந்து திறந்து மூடும். அந்தத் தொல்லைக்கு ஓர் ஆசிரியர் கண்டுபிடித்த தீர்வு அது. 1885-இல் மில்வாக்கி நகரில் அதற்காக ஒரு நிறுவனமும் தொடங்கப்பட்டது.

இப்போது கூட்டிப் பாருங்க. 1885 அளவில் காற்றழுத்தம் தெரியும், உள்ளுறை வெப்பம் தெரியும், மின்சாரத் தெர்மோஸ்டாட் விற்பனைக்கு வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியை உறையாமல் வைக்க வேண்டிய அறிவு முழுவதும் கையில் இருந்தது. ஆனால் 50 ஆண்டுகள் கழித்து, 1935-இல், அதே விஸ்கான்சின் மாநிலத்துப் பண்ணைப் பெண்களில் பெரும்பாலோர் கொதிநீர் வாளியோடுதான் கொட்டகைக்கு நடந்தார்கள்.

4. ஏன் 50 ஆண்டுகள்?

காரணம் ஒன்றே ஒன்று: பண்ணைக்கு மின்கம்பி வரவில்லை.

1930-களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்து வீட்டில் ஏறக்குறைய ஒன்பதில் மின்சாரம் இருந்தது. பண்ணைகளில் பத்தில் ஒன்றில்தான். ஒரே நாடு, ஒரே ஆண்டு, கணக்கு மட்டும் தலைகீழ். தனியார் மின்நிறுவனங்களின் வாதம் எளிமையானது. நகரத்தில் ஒரு மைல் கம்பி இழுத்தால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் கிடைப்பர். நாட்டுப்புறத்தில் இரண்டு மூன்று பண்ணை கிடைத்தாலே பெரிது. அவர்களும் நாலு விளக்குத்தான் எரிப்பார்கள், லாபம் வராது என்றன.

"சொந்தமா மின்சாரம் தயாரிச்சிருக்கலாமே?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. 1916 முதல் 'டெல்கோ லைட்' என்ற வீட்டு மின்னாக்கி விற்பனையில் இருந்தது. எண்ணெயில் ஓடும் இயந்திரம் மின்கலங்களை ஏற்றும், 32 வோல்ட் மின்சாரம் கிடைக்கும். வசதியுள்ள பண்ணைகள் அதை வாங்கின. ஆனால் அது விளக்குக்குப் பொருத்தமானது. சூடாக்கும் வேலைக்கு மின்சாரம் நிறையச் செலவாகும். இரவு முழுக்கத் தண்ணீர்த் தொட்டியைச் சூடாக வைக்க அந்த மின்கலம் தாங்காது.

தண்ணீர்க் குழாய்க் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கொட்டகைக்குத் தானாகத் தண்ணீர் வர வேண்டுமானால் கிணற்றில் மின்பம்பு வேண்டும், நிலத்தடியில் குழாய் வேண்டும். மின்னசோட்டா போன்ற இடங்களில் மண்ணே ஒன்றரை மீட்டர் ஆழம்வரை உறையக்கூடும். குழாயை அதற்கும் கீழே புதைக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது கன அளவில் ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவதால், மேலாகப் போட்ட குழாய் வெடித்துவிடும்.

5. கம்பி வந்த கதை

1935 மே 11-ஆம் நாள் அதிபர் பிராங்க்ளின் ரூசவெல்ட் ஓர் ஆணை பிறப்பித்து நாட்டுப்புற மின்மயமாக்க நிர்வாகத்தை அமைத்தார். அதன் முதல் தலைவர் மோரிஸ் குக் என்ற பொறியாளர். அடுத்த ஆண்டு, 1936-இல், நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அரசு நேரடியாகக் கம்பி இழுக்கவில்லை. குறைந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன் கொடுத்தது. கடனை வாங்கிக் கம்பி இழுத்தவர்கள் பெரும்பாலும் பண்ணையாளர்களே சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கங்கள். பல சங்கங்களில் உறுப்பினர் கட்டணம் 5 டாலர். பெருமந்தக் காலத்தில் 5 டாலர் சாதாரணத் தொகை இல்லை. ஆனாலும் பக்கத்துப் பண்ணைகளுக்கு நடந்துபோய், ஒவ்வொருவரிடமும் பேசிக் கையெழுத்து வாங்கினார்கள்.

கம்பி வந்தால் மட்டும் போதுமா? அதை என்ன செய்வது என்று தெரிய வேண்டாமா? அதற்காக மின்நிர்வாகம் 1938-இல் ஒரு பயணக் காட்சியைத் தொடங்கியது. பெரிய கூடாரம், மின்னடுப்பு, சலவை இயந்திரம், பண்ணைக் கருவிகள். மக்கள் அதற்கு 'மின்சார சர்க்கஸ்' என்று பெயர் வைத்தார்கள். லூயிசன் மேமர் என்ற மனையியல் வல்லுநர் அதில் மேடையேறி மின்னடுப்பில் சமைத்துக் காட்டினார். கற்பிப்பதும் வரலாற்றை நகர்த்தும் ஒரு சக்தி என்பதற்கு இது நல்ல சான்று. ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல ஏற்ற பகுதி.

1950-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மின்சாரம் பெற்றுவிட்டன. கொட்டகையில் மின்விளக்கு எரிந்தது. குளிர்காலப் பகலை நீட்டிக் கோழிகளை முட்டையிட வைத்தது. தண்ணீருக்குள் மூழ்கும் சூடேற்றி, தொட்டிக்கு அடியில் சூடாகும் தட்டு, குழாயைச் சுற்றும் சூட்டுக்கம்பி எல்லாம் கடைக்கு வந்தன. இன்றும் வீட்டுக் கொட்டகைகளில் இதே முறைதான். ஒரு சின்னத் தெர்மோஸ்டாட் 2 டிகிரிக்கு வந்ததும் மின்சாரத்தைத் திறக்கும், 7 டிகிரியில் நிறுத்திவிடும். மெல்லிய குழாயில் சொட்டுக் குமிழ் வழியாகத் தண்ணீர் கொடுக்கும் இடங்களில், ஒரு சின்னப் பம்பு சூடான தண்ணீரைச் சுற்றி ஓடவிட்டபடியே இருக்கும்.

6. பயன் யாருக்குப் போனது?

இங்கே நிறுத்திவிட்டால் இது இனிமையான முன்னேற்றக் கதை. ஆனால் வரலாற்று மாணவர் அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காகக் கோழி வளர்த்தார். 1923-இல் 50 குஞ்சுகள் கேட்டார். தவறுதலாக 500 வந்துவிட்டன. திருப்பி அனுப்பாமல் இறைச்சிக்காக வளர்த்தார். பிழைத்த 387 கோழிகளை ஒரு பவுண்டு 62 காசு வீதம் விற்றார். நல்ல லாபம். 1926-இல் அவருடைய கொட்டகைகளில் 10,000 கோழிகளுக்கு இடம் இருந்தது. கணவரும் கடலோரக் காவல் படை வேலையை விட்டுவிட்டுக் கோழித் தொழிலுக்கே வந்தார். இறைச்சிக்கோழித் தொழிலின் தொடக்கம் என்று பலர் காட்டுவது இதைத்தான்.

மின்சாரம் பரவியதும் முட்டைத் தொழிலும் இதே திசையில் போனது. விளக்கு, தண்ணீர், சூடு எல்லாம் தானாக நடந்தால் ஒருவரே ஆயிரக்கணக்கான கோழிகளைப் பார்த்துக்கொள்ளலாம். முட்டை மலிவானது. மலிவான முட்டையோடு நூறு கோழி வைத்திருந்த வீட்டுப் பெண்ணால் போட்டி போட முடியவில்லை. 1950-களிலும் 1960-களிலும் சிறு கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. முட்டைக் காசும் அவற்றோடு போனது.

கவனமாகப் படியுங்கள். மின்சாரம் மட்டும்தான் இதற்குக் காரணம் என்று எழுதினால் அது தவறு. புதிய கோழி இனங்கள், தீவன நிறுவனங்களின் ஒப்பந்த முறை, நல்ல சாலைகள், பெரிய அங்காடிகள் என்று பல காரணங்கள் சேர்ந்தன. ஆனாலும் இந்த முரண்பாட்டை மறக்க முடியாது. எந்தப் பெண்கள் பல குளிர்காலங்கள் வாளி சுமந்து அந்த வருமானத்தைக் காப்பாற்றினார்களோ, அந்த வாளியின் சுமை நீங்கிய சில ஆண்டுகளிலேயே அந்த வருமானமும் அவர்களுடைய கையை விட்டுப் போனது. அதற்காகப் பழைய வாளியே நல்லது என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்தச் சுமையைச் சுமந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார். முன்னேற்றத்தின் பயனையும் விலையையும் ஒரே பத்தியில் எழுதத் தெரிந்தால் அதுவே முதிர்ந்த விடை.

7. தேர்வுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

முதலாவது, கண்டுபிடித்த ஆண்டு வேறு, மக்களிடம் வந்து சேர்ந்த ஆண்டு வேறு. இரண்டையும் எழுதுங்கள். இடைவெளிக்குக் காரணம் கூறுங்கள்.

இரண்டாவது, காரணங்களைத் தரம் பிரியுங்கள். அறிவியல் காரணம் (தெர்மோஸ்டாட்), பொருளாதாரக் காரணம் (கம்பிச் செலவு), அரசியல் காரணம் (1935 ஆணை, 1936 சட்டம்), சமூகக் காரணம் (கூட்டுறவு, பெண்களின் உழைப்பு). இவற்றில் எது தீர்மானித்த காரணம் என்று முடிவு சொல்லுங்கள். சும்மா அடுக்கி வைத்தால் போதாது.

மூன்றாவது, 'மக்கள்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நகரத்தாரா, பண்ணையாரா? ஆணா, பெண்ணா? சிறு பண்ணையா, பெரும் பண்ணையா?

சிந்தனை வினாக்கள்

1. "அறிவியல் கண்டுபிடிப்பு மட்டும் மக்களின் வாழ்க்கையை மாற்றாது." இக்கூற்றை 1883 முதல் 1936 வரையிலான நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்க.

2. தனியார் மின்நிறுவனங்கள் நாட்டுப்புறத்துக்குக் கம்பி இழுக்கத் தயங்கியது நியாயமா? இரு தரப்பு வாதங்களையும் எழுதி உம் முடிவைக் கூறுக.

3. வேளாண் கணக்கெடுப்பு, கடைக் கணக்குப் புத்தகம் ஆகிய இரண்டில் பெண்களின் உழைப்பை அறிய எது சிறந்த மூலம்? ஏன்?

4. வீட்டு வேலை: உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்துக்கோ கம்பத்துக்கோ மின்சாரம் எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டு எழுதி வாருங்கள். அதற்கு முன் தண்ணீரை யார் சுமந்தார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

ஆசிரியர்களே, நான்காவது வினாவுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். விடைகளைக் கரும்பலகையில் ஆண்டுவாரியாக எழுதினாலே போதும். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் குடும்பங்களுக்குள் எத்தனை ஆண்டு இடைவெளி இருக்கிறது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். பிறகு 'அதனால் மக்கள் பயனடைந்தனர்' என்று எழுதும்முன் அவர்களின் பேனா ஒரு நொடி நிற்கும்.